பூங்கோதைக்குப் பின் வந்தவள்

புற்றுநோயை வென்று, உடம்பில் கடுகளவு கட்டிகூட மிச்சமில்லாமல், சென்னையிலிருந்து ரயிலிலும் தூத்துக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸிலும் வந்து வெள்ளூரணி நிறுத்தத்தில் பூங்கோதை இறங்கிய அன்று, அந்த ஊரில் ஒருவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. முகம் மாறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அதே முகம்தான், அதே தெற்றுப்பல்தான், சின்ன வயதில் ஊஞ்சல் பலகை பட்ட தழும்பும் புருவத்தின் மேல் அதே இடத்தில்தான் இருந்தது; கண்ணாடியில் பார்த்தால் அவளுக்கு அவள் நன்றாகவே தெரிந்தாள். ஆனால் நிறுத்தத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த சொர்ணக்கிளி, ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், நிமிர்ந்து பார்த்துவிட்டு, “யார் வீட்டுக்குப் போணும்க்கா?” என்று கேட்டாள்.

“ஏட்டி, வெளையாடாத. நாந்தாம்ட்டி, பூங்கோதை.”

சொர்ணக்கிளியின் கை நின்றது. “பூங்கோதையா? பூங்கோதைக்கு என்ன ஆச்சு? அந்த ஆஸ்பத்திரில இருந்தா வாரிய?” என்றவள் பதிலுக்குக் காத்திராமல் மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வெள்ளூரணியில் பிறப்பையும் கல்யாணத்தையும் போனில் சொல்லுவார்கள், வாட்ஸ்அப்பில் படம்கூட அனுப்புவார்கள், ஆனால் சாவை மட்டும் ஆள் வந்துதான் சொல்ல வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். ஆகையால் முன்பின் தெரியாத ஒரு பெண் கையில் ஒரு பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, சென்னையில் சிகிச்சைக்குப் போயிருக்கும் ஒருத்தியின் பெயரைச் சொன்னால், அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு.

அழுகை அவளுக்கு முன்னால் தெருவில் ஓடி, அவள் வருவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டோடு ஒட்டிய மாவு மில்லில் அவள் புருஷன் சுடலைமணி மிஷினை நிறுத்திவிட்டு, புருவம் வரை மாவு படிந்து, வாசலில் நின்றான். பூங்கோதை அவனைப் பார்த்துச் சிரித்தாள். மாதக்கணக்காக அந்தச் சிரிப்பை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சேர்த்து வைத்திருந்தாள், பாவம். அவன் அவளைப் பார்த்தான், பிறகு அவள் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தான், அங்கே வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவர்களுடைய மகள் சுபிக்ஷா உள்ளேயிருந்து “அம்மாவா?” என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, நிலைப்படியில் நின்று, “அம்மா இல்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அவள் என்னதான் செய்யவில்லை! கல்யாணத்தன்று சுடலைமணி அவள் காதில் சொன்னதைச் சொன்னாள். சுபிக்குத் தொடையில் எங்கே மச்சம் என்று சொன்னாள். மில்லின் பெல்ட் நழுவினால் எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்று தட்டிக் காட்டினாள். சொல்லச் சொல்ல ஊர் இன்னும் பெரிதாக அழுதது. “எல்லாத்தையும் ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கா” என்று சுடலைமணி தேம்பினான். “அவ அப்படி யார்கிட்டயும் மனசு விட்டுப் பேசமாட்டாளே. பக்கத்துக் கட்டிலா நீங்க?” அவள் கொண்டுவந்த ஒவ்வொரு சாட்சியும், பூங்கோதைக்கும் இந்தப் பெண்ணுக்கும் இருந்த சிநேகத்துக்குச் சாட்சியாகப் போனது. சாயல்கூட இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். ஒரே வியாதிக்காரர்கள் ஒரே அறையில் கிடந்தால் சாயல் ஒட்டும் என்று மற்றவர்கள் விளக்கினார்கள்.

சுடலைமணியின் அக்கா செல்லக்கனி நல்ல மனுஷி, அந்த வீட்டின் எந்தக் காரியத்தையும் இழுத்துப் போட்டுச் செய்பவள். அவள்தான் பூங்கோதையின் கையைப் பிடித்து உட்கார வைத்து, “சேதி சொல்ல வந்த புள்ளைய இப்படிப் போட்டுப் பிடுங்காதிய. அதுவே சீக்குல இருந்து எந்திரிச்சு வந்திருக்கு. ஒரு வாய் காப்பி குடும்மா” என்றாள். சொந்த வீட்டில், சொந்த டம்ளரில், விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி சீனி தூக்கலாகப் போட்ட காப்பியைப் பூங்கோதை குடித்தாள்.

பூங்கோதை போன் பண்ணி அழுததில், அவளைக் குணமாக்கிய மருந்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் மிருணாளினி இரண்டொரு நாளில் நேரிலேயே வந்தார். மில்லில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கோதுமை அரைக்க வந்தவர்கள், மிளகாய் அரைக்க வந்தவர்கள், ஒன்றும் அரைக்க இல்லாமல் வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

“நம்ம உடம்புல காவலுக்குன்னு செல்லுங்க இருக்கு” என்று அவர் தொடங்கினார். “புத்துக்கட்டி அதுங்ககிட்ட ‘நான் நம்ம ஆள்’னு ஒரு சீட்டைக் காட்டிட்டு உள்ளயே உக்காந்துக்கும். நாங்க செஞ்ச மருந்து, ஆன்டிபாடின்னு பேரு, போய் அந்தச் சீட்டை மூடிடும். அப்புறம் காவலாளிங்களே கட்டிய அழிச்சிடுவாங்க. இவங்களுக்கு அழிச்சிட்டாங்க, சுத்தமா. ஆனா மருந்து அதோட நிக்கல. இவங்க மேல எங்கெல்லாம் ‘நம்ம ஆள்’னு எழுதியிருந்ததோ அங்கெல்லாம் மூடிடுச்சு. அதனாலதான் இவங்கள முன்னாடி தெரிஞ்சவங்க யாருக்கும் இப்ப தெரியல. இந்த மருந்து எடுத்த எல்லாருக்கும் இப்படித்தான் ஆயிருக்கு.”

கூட்டம் இதைச் சிரமமில்லாமல் புரிந்துகொண்டது. அப்படி நடக்கக்கூடியதுதான் என்று தலையாட்டியது. செல்லக்கனி மட்டும் கேட்டாள். “அப்ப இது எங்க பூங்கோதைன்னு நீங்க மொகத்தப் பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா. நீங்கதான் முன்னாடியே பாத்திருக்கியளே.”

மிருணாளினி பூங்கோதையின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். நேர்மையான பெண், பொய் சொல்லத் தெரியாது, அந்த நேர்மைதான் அன்றைக்குக் கழுத்தை அறுத்தது. “எனக்கும் அடையாளம் தெரியலம்மா. நானும் இவங்கள மருந்துக்கு முன்னாடியே பாத்தவதானே. ஆஸ்பத்திரில கட்டுன கைப்பட்டையில இருக்கற நம்பர் அவங்களோடது. அதை வெச்சுத்தான் சொல்றேன்.”

அவ்வளவுதான், முடிந்தது. வேறு ஊரில் வேறு யாருக்காவது அப்படி நடந்திருக்கலாம், மருந்து பொல்லாதது, எதையும் செய்யும். ஆனால் நம்ம பூங்கோதை வந்து நின்றால் நமக்குத் தெரியாமலா போய்விடும் என்று வெள்ளூரணி கேட்டது. கேட்டவர்கள் எல்லோரும் அவளை உயிராக நேசித்தவர்கள். அவள்மேல் அவ்வளவு பிரியம் இல்லாதவர்களாக இருந்திருந்தால், ஒருவேளை கைப்பட்டை நம்பரை நம்பியிருப்பார்கள்.

கிளம்பும்போது காரின் மறுபக்கம் நின்று டாக்டர் பூங்கோதையிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். “மூணு வாரத்துக்கு ஒருக்கா வந்து டிரிப்புல மருந்து ஏத்திக்குங்க. நிறுத்தினா இந்த மறதி கொஞ்சம் கொஞ்சமா விலகிடும், எல்லாருக்கும் உங்களத் தெரிய ஆரம்பிக்கும். ஆனா காவலாளிங்களுக்குக் கட்டியும் நம்ம ஆளா தெரிய ஆரம்பிச்சிடும். கட்டிமேல உள்ள சீட்டை மட்டும் மூடற மாதிரி புது ஆன்டிபாடி செஞ்சிட்டிருக்கோம். எலிங்ககிட்ட நல்லா வேலை செய்யுது.”

“அந்த எலிய அதோட குஞ்சுகளுக்கு அடையாளம் தெரியுதா?”

“தெரியுது.”

“மனுசருக்கு வர எத்தனை வருசம் ஆகும்?”

மிருணாளினி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதார் என்றே சொல்லலாம்.

உடலை ஆஸ்பத்திரிக்காரர்கள் மறைத்துவிட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டியதால், உடல் கிடைக்காதவர்களுக்கு அந்தப் பக்கத்தில் செய்வதுபோல் பச்சரிசி மாவில் உருவம் செய்து எரிப்பது என்று ஏற்பாடாயிற்று. சுடலைமணியே அரைத்தான். வேறு யாரையும் மிஷினைத் தொடவிடவில்லை. மாவைப் பிசைய உட்கார்ந்த பெண்களுக்கு நடுவில், பூங்கோதை எவ்வளவு உயரம் என்று ஒரு வழக்கு வந்தது. குட்டை என்றாள் சொர்ணக்கிளி. குட்டையெல்லாம் இல்லை, குதிகால் செருப்பு போடமாட்டாள், அதனால் அப்படித் தெரியும் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் எல்லோரும் ஓரமாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்கள்.

“கோவிச்சுக்கிடாதிய” என்று செல்லக்கனி தயங்கித் தயங்கிக் கேட்டாள், “அவளும் ஏறக்கொறைய ஒங்க ஒசரந்தான். அளவுக்கு இதுல கொஞ்சம் படுக்கியளா?”

வாழை இலைகளை வரிசையாக விரித்திருந்தார்கள். பூங்கோதை அதன்மேல் படுத்தாள். அவளைச் சுற்றி மாவால் கோடு இழுத்தார்கள். தலைமாட்டில், காதோரத்தில், கைக்கும் இடுப்புக்கும் நடுவில், அவளுக்குக் கூச்சம் வராத மாதிரி அவ்வளவு பதமாக இழுத்தார்கள். எழுந்ததும் அந்தக் கோட்டுக்குள் மாவை நிரப்பி, மூக்கு பிடித்து, அவளுடைய கல்யாணப் பட்டைப் போர்த்தி, அவளையும் சேர்த்துக்கொண்டு அழுதார்கள். அவள் எல்லோரையும்விட அதிகமாக அழுததைப் பார்த்து, இந்தக் காலத்தில் இப்படியொரு சிநேகிதி யாருக்குக் கிடைப்பாள் என்று ஊரே நெகிழ்ந்துபோனது. சுபி அந்த மாவு முகத்தில் முத்தம் கொடுத்து, உதட்டில் மாவோடு பள்ளிக்கூடச் சட்டையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு அவளை ஊரை விட்டு அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. பெயர் கேட்டால் அவளும் பூங்கோதை என்றே சொன்னதால், செத்தவளிலிருந்து பிரித்துச் சொல்ல ‘பின்னவ’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அது நிலைத்தும் போயிற்று. சொர்ணக்கிளி வீட்டு மாடியறையைக் கொடுத்தார்கள். மில்லில் வேலை கொடுத்தார்கள். அவளுக்குத் தவிடு பிரிக்கும் சல்லடை மாற்றக்கூடத் தெரிந்திருந்தது எல்லோருக்கும் வசதியாயிற்று. அந்த மருந்து எடுத்துக்கொண்டவர்கள் வேறு ஊர்களிலும் இப்படித் திரும்பி வருகிறார்கள் என்ற செய்தி பரவப் பரவ, வெள்ளூரணிக்காரர்கள் பஸ்ஸிலிருந்து யார் இறங்கினாலும், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டானாலும் பாய் விற்கிறவனானாலும், தண்ணீர் கொடுத்து, சாப்பிட்டீர்களா என்று கேட்கப் பழகினார்கள். யாரோ ஒருவர் வீட்டு ஆளாக இருக்கலாம் அல்லவா? அப்படிக் கேட்பதில் ஊருக்கு ஒரு பெருமைகூட வந்துவிட்டது. கேட்டுவிட்டு, பின்னவளிடம் திரும்பி, “பாவம், இவங்க வீட்டுல தேடுவாங்கள்லா” என்பார்கள்.

ஒரு வருஷம் போனதும் செல்லக்கனி தம்பியிடம் பேச்சை எடுத்தாள். பெண்பிள்ளை வளர்கிறாள், மில்லில் ஒரு பெண் இருந்தால்தான் பெண்கள் அரைக்க வருவார்கள், பின்னவளுக்கும் யாரும் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலே அவளுக்குப் பூங்கோதையின் பழக்கமெல்லாம் தெரியும். சுடலைமணி மாட்டேன் என்றான். ரொம்ப நாள் மாட்டேன் என்றான். அவன் மாட்டேன் என்ற ஒவ்வொரு நாளும் பூங்கோதைக்கு நெஞ்சு பெருமையால் விம்மியது, அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை. கடைசியில் கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். கட்டிவிட்டு, ஒளித்து வைக்கத் தெரியாதவன், நேராகவே சொன்னான். “ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்கமாட்டேன். ஆனா அவ எடத்துல யாரையும் என்னால வைக்க முடியாது. தப்பா எடுத்துக்கிடாதிய.”

“எடுக்கமாட்டேன். அப்படியே இரிங்க” என்றாள் அவள்.

சுபிதான் போரைத் தொடங்கினாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஊர் ஆச்சரியப்பட்டது, பூங்கோதைக்கு மட்டும் தெரியும், அது அப்படியே அவளுடைய பிடிவாதம். சித்தி வைத்த குழம்பைத் தொடமாட்டாள். சித்தி தொட்ட சீப்பால் தலை வாரமாட்டாள். “எங்கம்மா கொழம்பு இப்படி இருக்காது” என்பாள், அதே கையால் அதே புளியைக் கரைத்து வைத்த குழம்பை. அடுக்களையில் அம்மா உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் பின்னவள் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போவாள். சுடலைமணி அடிக்கக் கை ஓங்குவான். பூங்கோதை நடுவில் வந்து தடுப்பாள். “வேண்டாம். அவ அம்மாவ அவ விட்டுக்கொடுக்காம இருக்கா. அதுக்குப் போயி அடிக்கலாமா?” என்பாள். தன்னை ஒருவர் இவ்வளவு நேசிப்பதைத் தானே பக்கத்தில் நின்று பார்ப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, அப்படி வாய்ப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்றும் எல்லோருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் சுபி பெரியவளானாள். செல்லக்கனி மஞ்சளும் தண்ணீரும் எடுத்துவந்தாள், தெருப்பெண்கள் வந்தார்கள், சுபி அறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு யாரையும் விடவில்லை. “எங்கம்மா வந்து ஊத்தட்டும்” என்றாள். “செத்தவ எப்படிட்டி வருவா?” என்று செல்லக்கனி கதவுக்கு வெளியே அழுதாள். சாப்பாடு உள்ளே போகவில்லை. வயிறு வலிக்கிறது என்று முனகும் சத்தம் மட்டும் கேட்டது. பூங்கோதை கதவில் நெற்றியை வைத்தபடி நின்றாள். அந்த வாரம் அவள் டிரிப்புக்குப் போக வேண்டிய வாரம். அவள் ரயில் ஏறவில்லை. மறுநாள் சுபி கதவைத் திறந்தாலும், தலைக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் யாரையும் விடவில்லை.

மருந்தின் பிடி விலக விலக, முதலில் வந்தது வலிதான். வலது விலாவுக்குக் கீழே, பழைய இடத்தில், பழைய மாதிரியே. பிறகு, ஒரு மத்தியானம், சுடலைமணி பெல்ட் வாங்கத் தூத்துக்குடிக்குப் போயிருக்க, அவள் மில்லில் தனியாக மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது, சுபி தும்மிக்கொண்டே வந்து வாசலில் நின்றாள். மிஷினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். மிஷின் ஓசை அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

“எம்மா, நீ எங்க போயிருந்த?” என்றாள்.

அதற்குப் பிறகு அந்த மத்தியானத்தில் நடந்ததெல்லாம் சாதாரண விஷயங்கள். பூங்கோதை மகளைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய் மஞ்சள் பூசித் தண்ணீர் ஊற்றினாள். தலை துவட்டிச் சாம்பிராணி போட்டாள். உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு, உருண்டை உருண்டையாக ஊட்டினாள். சுபி வாயில் களியோடு பேசிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடத்தில் நடந்தது, அத்தை சொன்னது, இந்தச் சித்தி எவ்வளவு மோசம் என்பது எல்லாவற்றையும் சொன்னாள். “ஒன் சீலையக் கட்டிக்கிடுதாம்மா அவ.” பூங்கோதை எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். நடுவில் அவள் கை தானாக விலாவுக்குப் போனதை மகள் பார்த்துவிட்டாள்.

“வலிக்கா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோரும் இந்தப் பிள்ளையிடம் மாற்றி மாற்றிப் பொய்தான் சொல்லியிருக்கிறார்கள், தெரிந்தும் தெரியாமலும். பூங்கோதை மருந்தைப் பற்றிச் சொன்னாள், சீட்டைப் பற்றிச் சொன்னாள், பின்னவள் யார் என்று சொன்னாள். சுபி நடுங்கவில்லை, கத்தவில்லை. மடியில் படுத்துக்கொண்டு யோசித்தாள்.

“மருந்துக்குப் போலேன்னா?”

“கொஞ்ச நாள் ஒங்கூட இருப்பேன். அதுக்கப்புறம் இருக்கமாட்டேன்.”

“போனா?”

“ரொம்ப நாள் இருப்பேன். ஆனா ஒனக்கு என்னைத் தெரியாது.”

“ஒன்னைத் திட்டுவேன்ல?”

“திட்டுவ.”

“கொழம்பக் கொட்டிருவேன்.”

“கொட்டு. மறுபடி வைக்கேன்.”

சுபி எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அம்மாவின் முகத்தைப் பிடித்து, நெற்றியிலிருந்து தாடைவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். பரீட்சைக்கு முன்னால் பாடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு சொன்னாள். “போயிட்டு வா. நான் மறக்கமாட்டேன், பாரு. ஊர்ல எல்லாரும் மறப்பாவ, நான் மறக்கவே மாட்டேன்.” அவளேதான் பையை எடுத்து வந்தாள், அவளேதான் நிறுத்தம்வரை கைப்பிடித்து நடந்து வந்தாள், பஸ் புறப்பட்ட பிறகும் ஓடிவந்து ஜன்னலில் தட்டி, “மறக்கமாட்டேம்மா” என்றாள்.

சென்னையில் டிரிப் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மிருணாளினி கைப்பட்டையைப் பார்த்து அவள் பெயரைச் சொல்லி, ஏன் தாமதம் என்று கேட்டார். வலி போய்விட்டது. வலி போனதும், என்ன போயிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, இருந்தாலும் திரும்பி வரும் வழியெல்லாம் மனம் கேட்கவில்லை. மறக்கமாட்டேன் என்று சொன்ன பிள்ளை அல்லவா.

வீட்டுக்குள் நுழைந்தபோது சுபி அடுக்களையில் இருந்தாள். முகம் தெளிந்திருந்தது, எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தாள். பூங்கோதையைப் பார்த்ததும், முதல்முறையாக, கோபமில்லாமல் பேசினாள். “உக்காருங்க. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

பூங்கோதை உட்கார்ந்தாள்.

“நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப எங்கம்மா வந்திருந்தா” என்றாள் சுபி. “நெசமாத்தான். எனக்குத் தண்ணி ஊத்தி, களி கிண்டிக் குடுத்தா. என்னென்னமோ சொன்னா, அது மட்டும் ஞாபகத்துல நிக்கல. அப்பாட்ட சொன்னேன், கனவுங்காவ. கனவு இல்ல. எங்கம்மா என்னைய மறக்கல.” அவள் கண்கள் மின்னின. பிறகு ஒரு பெரிய மனுஷியின் நிதானத்தோடு, இந்தப் பெண்ணின் மனம் புண்பட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையோடு, மெதுவாகச் சொன்னாள். “நீங்க இருக்கப்ப அவ வரமாட்டேங்கா சித்தி. நீங்க இல்லாதப்பத்தான் வாரா. நான் ஒங்களத் திட்டல. கேக்கத்தான் செய்தேன். நீங்க எப்ப போவிய?”

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பூங்கோதை எழுந்து அரிசியைக் களைந்து போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவ்வளவு நேரம் தேவைப்பட்டது.

“போயிருதேன் கண்ணு” என்றாள். “நீ படிச்சு முடிச்சு, ஒன் கால்ல நின்னுக்கிட்டன்னா போயிருதேன். அதுவரைக்கும் பொறுத்துக்கிடுதியா?”

சுபி யோசித்துப் பார்த்து, சரி என்றாள்.